பார்த்தெனானோட பின்னறையில ஒரு ஸ்டாக் வெரிஃபிகேஷன்

பார்த்தெனான்னு தேடினா முதல்ல வந்து நிக்கிற போட்டோ இருக்குல்ல, எட்டுத் தூண் வரிசையா, மேல உடைஞ்ச முக்கோணம், ஃப்ரிட்ஜ் மேக்னட்ல இருந்து டிராவல் ஏஜென்சி போர்டு வரைக்கும் ஒட்டறது, அது அந்தக் கோயிலோட முதுகு. ஏதென்ஸ்ல அக்ரோபோலிஸ் மேல ஏற வழி மேற்குப் பக்கம்தான், ஏறி வாசல் மண்டபத்தைத் தாண்டினதும் எதிர்ல தெரியறது கோயிலோட மேற்கு முகம், ஆனா ஏதெனா சிலை இருந்த கருவறைக்கு வாசல் கிழக்கு. அந்தக் காலத்துலயும் இதே கதைதான், ஊர்க்காரங்க மேல வந்து முதல்ல பார்த்தது பின்பக்கத்தை, அப்புறம் கோயில் பக்கவாட்டுலயே நடந்து சுத்திப் போய்த்தான் சாமி வாசல்.

இது கட்டினவங்களுக்குத் தெரியாம இல்ல. பின்பக்க முக்கோணத்துல அவங்க வச்ச சிற்பம் ஏதெனாவும் கடல் தெய்வம் பொசைடனும் இந்த ஊர் யாருக்குன்னு சண்டை போடற காட்சி, ஊருக்கே சொந்தமான கதை. கோயில் சுவர் மேல சுத்தி ஓடற அந்த நீளமான ஊர்வலச் சிற்பமும் ஆரம்பிக்கிறது பின்பக்கம்தான். முன்பக்கம் போனா தேவர்கள் உக்காந்திருக்காங்க, துணி மடிச்சுக் கொடுக்கறாங்க, எல்லாம் ஒழுங்கு. பின்பக்கத்துல அப்படி இல்ல. குதிரைக்குக் கடிவாளம் மாட்டிக்கிட்டு ஒருத்தன், இன்னும் ஏறாம நிக்கிறவன், ஒருத்தன் பாறை மேல காலைத் தூக்கி வச்சுக் குனிஞ்சு செருப்பு வாரைக் கட்டிக்கிட்டு இருக்கான். நான் இந்தக் கோயில்ல ரொம்ப நேரம் பார்த்த சிற்பம் அவன்தான்.

கிரேக்கக் கோயில் பிளான் சிம்பிளா மூணு பாகம். முன்னாடி ஒரு மண்டபம், நடுவுல சாமி இருக்கிற கருவறை, பின்னாடி இன்னொரு மண்டபம். அந்தப் பின்னாடி மண்டபத்துக்குப் பேர் ஒபிஸ்தோடொமொஸ், நான் பின்னறைன்னே எழுதிக்கிறேன், விரல் வலிக்குது. பெரும்பாலான கோயில்கள்ல இந்தப் பின்னறைக்கும் கருவறைக்கும் நடுவுல வாசலே கிடையாது. அப்போ எதுக்கு? கட்டடக்கலை ஆளுங்க சொல்ற பதில், முன்பக்கம் மாதிரியே பின்பக்கமும் இருக்கணும், எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் சமமா தெரியணும், அதுக்குத்தான்னு. சரி, இருக்கட்டும். ஆனா மூணு பக்கம் சுவர், ஒரு பக்கம் ரெண்டு தூண், மேல கூரை, இப்படி ஒரு இடத்தைச் சும்மா கட்டி விட்டா மனுஷன் சும்மா விடுவானா? தூணுக்கு நடுவுல கம்பித் தடுப்பு போட்டான், பூட்டினான், உள்ள சாமான் வச்சான். பல கோயில்ல அந்தத் தடுப்பு பொருத்தின துளைகள் இன்னும் தூண்லயும் தரையிலயும் தெரியுது.

இதுலயே இன்னொரு வகை இருக்கு, அதை இதோட குழப்பக் கூடாது. சிசிலித் தீவுல செலினுன்ட்டே மாதிரி ஊர்க் கோயில்கள்ல பின்னாடி இருக்கிற அறைக்கு வெளிய இருந்து வழி இல்ல, கருவறைக்குள்ள இருந்துதான் போகணும். அதுக்குப் பேர் அதிதொன், கண்டவன் நுழைய முடியாத உள்ளறை. டெல்ஃபியில பீத்தியாங்கிற பெண் பூசாரி முக்காலில உக்காந்து குறி சொன்னது அந்த மாதிரி உள்ளறையிலதான். அந்தக் கோயில்லயே பூசாரியா இருந்த புளூட்டார்க் எழுதி வச்சிருக்காரு, குறி கேக்க வந்தவங்க காத்திருக்கிற இடத்துக்கு உள்ளறையில இருந்து சில நாள் நல்ல வாசனை மிதந்து வரும்னு. 2001ல நிலவியல் ஆளுங்க வந்து அடியில ரெண்டு பிளவு குறுக்க ஓடுது, வாயு கசிஞ்சிருக்கும்னாங்க, அதுக்கும் எதிர்ப்பு வந்துச்சு, இன்னும் சண்டை ஓயல. பாஸ்ஸேயில மலை மேல இருக்கிற அப்போலோ கோயில் இன்னும் தமாஷ், அங்க உள்ளறைக்குப் பக்கச் சுவர்ல கிழக்கு பார்த்து தனியா ஒரு வாசல், முன்னாடி நமக்குத் தெரிஞ்சவரைக்கும் உலகத்துலயே பழைய கொரிந்தியன் தூண், அதாவது தலையில இலை வேலைப்பாடு இருக்கிற ரகம், ஒண்ணு நின்னுச்சு. இப்போ அந்தக் கோயிலையே பெரிய கூடாரம் போட்டு மூடி வச்சிருக்காங்க.

குறி, வாசனை, மர்மம் இதெல்லாம் பத்தி எழுத நிறைய பேர் இருக்காங்க. எனக்குப் பிடிச்சது பூட்டு, சீல், ரிஜிஸ்டர் உள்ள ரகம். நான் ஆடிட் லைன்ல இருக்கறவன், வருஷக் கடைசியில குடோன் குடோனா போய் பெட்டி எண்ணறது, எடை மிஷின் முன்னாடி நிக்கிறது, "சார் அந்த மூட்டை எல்லாம் அதே கணக்குதான், திறக்க வேணாம்"னு சொல்றவர்கிட்ட "திறங்க"ன்னு சொல்றது, இதுதான் பொழப்பு. அதனால இந்தப் பின்னறை விஷயத்துல நான் கொஞ்சம் ஓவரா போவேன், பொறுத்துக்கங்க.

பார்த்தெனான் கட்ட ஆரம்பிச்சது கி.மு. 447, சிலை வச்சது 438, சிற்ப வேலை முடிஞ்சது 432. மத்த கோயில்கள்ல இல்லாத ஒண்ணு இதுல இருக்கு. கருவறைக்கும் பின் மண்டபத்துக்கும் நடுவுல தனியா ஒரு பெரிய மூடின ரூம், சுமார் 19 மீட்டருக்கு 13 மீட்டர், உள்ள நாலு தூண். அதுக்கு வாசல் மேற்குல மட்டும்தான். கருவறையில நின்னுக்கிட்டு இருக்கிற ஆள் இந்த ரூமுக்குப் போகணும்னா வெளிய வந்து கோயிலைச் சுத்தி நடந்து பின்பக்கமா வரணும், நடுச்சுவர்ல ஒரு சின்னக் கதவு கூட இல்ல. சாமியும் சாமான் ரூமும் முதுகோட முதுகா ஒட்டி இருக்கு, ஆனா ஒண்ணுக்கொண்ணு வழி கிடையாது. லாக்கர் ரூம் எப்படி இருக்கணும்னு யாரோ யோசிச்சுத்தான் போட்டிருக்காங்கன்னு எனக்குத் தோணுது.

ஏன்னா பணம் அந்த அளவு வந்துக்கிட்டு இருந்துச்சு. பெர்சியாவுக்கு எதிரா சேர்ந்த கூட்டணியோட கஜானா முதல்ல டிலோஸ் தீவுல இருந்துச்சு, கி.மு. 454ல அதை ஏதென்ஸுக்குத் தூக்கிட்டு வந்துட்டாங்க. பாதுகாப்புக்காகன்னு சொன்னாங்க. அதுல இருந்து கூட்டாளி ஊர்கள் கட்டற கப்பத்துல அறுபதுல ஒரு பங்கு ஏதெனாவுக்கு, அந்தக் கணக்கை வருஷா வருஷம் கல்லுல வெட்டினாங்க. கி.மு. 431ல ஸ்பார்ட்டாவோட போர் ஆரம்பிக்கும்போது ஏதென்ஸ் தலைவர் பெரிக்கிளீஸ் சபையில கணக்கு சொல்றாரு, அந்தப் போரோட சரித்திரம் எழுதின துசிடிடீஸ் அதைக் குறிச்சு வச்சிருக்காரு: அக்ரோபோலிஸ் மேல நாணய வெள்ளி மட்டும் 6000 டாலண்ட், ஒரு காலத்துல 9700 இருந்துச்சு, கட்டடங்களுக்கும் ஒரு போருக்கும் செலவானது போக இவ்வளவுன்னு. ஒரு டாலண்ட் சுமார் 26 கிலோ, பெருக்கிப் பாருங்க, 150 டன்னுக்கு மேல வெள்ளி. ஒரு போர்க்கப்பலோட 200 ஆளுக்கு ஒரு மாசச் சம்பளம் சுமாரா ஒரு டாலண்ட் ஆகும்.

சிலையையும் சேர்த்துத்தான் அவர் கணக்கு சொன்னாரு. ஏதெனா மேல போர்த்தியிருந்த தங்கம் 40 டாலண்ட், தனித்தனித் தகடா கழட்டற மாதிரி செஞ்சது. சிலையைச் செஞ்ச ஃபிடியாஸ் தங்கத்துல கை வச்சுட்டார்னு புகார் வந்தப்போ பெரிக்கிளீஸ் கழட்டி எடை போட்டுக்கங்கன்னு சொன்னதா புளூட்டார்க் எழுதறாரு. ஆடிட்டுக்கு வசதியா டிசைன் பண்ணின சாமி வேற எங்கயாவது இருக்கான்னு தெரியல, எனக்கு ஃபிடியாஸ் மேல மரியாதை கூடினது அழகைப் பார்த்து இல்ல, இதைப் படிச்சுத்தான்.

இப்போ பின்னறை. கி.மு. 434 வாக்குல போட்ட ஒரு தீர்மானம் கல்லுல இருக்கு, கல்லியாஸ் தீர்மானம்னு சொல்வாங்க. நாட்டுல அங்கங்க இருக்கிற மத்த சாமிகளோட பணத்தையும் மேல கொண்டு வந்துடணும்னு முடிவாச்சு. அதுக்குத் தனியா பொருளாளர்கள், குலுக்கல்ல எடுக்கணும். அவங்க ஏதெனாவோட பொருளாளர்களோட சேர்ந்துதான் பின்னறைக் கதவைத் திறக்கணும், சேர்ந்துதான் மூடணும், சேர்ந்துதான் சீல் வைக்கணும். வாங்கும்போது சபை முன்னாடி எண்ணி எடை போட்டு வாங்கணும். எந்தச் சாமிக்கு எவ்வளவுன்னு தனித்தனியா எழுதிக் கல்லுல வெட்டி வைக்கணும். அப்புறம் ஒரு வரி, ஏதெனாவோட பணம் பின்னறையில வலது பக்கம், மத்த சாமிங்க பணம் இடது பக்கம். இதைப் படிச்சப்போ நான் சீட்ல இருந்து எந்திரிச்சுட்டேன். ரெண்டு பேர் சேர்ந்தாத்தான் திறக்கணும், யார் பொருள் எந்தப் பக்கம்னு பிரிச்சு வைக்கணும், சாட்சி முன்னாடி எண்ணணும், இதுல புதுசா சேர்க்க எங்க ஆளுங்ககிட்ட ஒண்ணும் இல்ல, கம்ப்யூட்டர் மட்டும்தான் வந்திருக்கு.

ஏதெனாவோட பொருளாளர்கள் பத்துப் பேர், குலத்துக்கு ஒருத்தர், ஒரு வருஷம்தான் பதவி. நாட்டுலயே பெரிய சொத்துக்காரங்க வகுப்புல இருந்துதான் எடுக்கணும்னு சட்டம், காசு காணாமப் போனா பிடிச்சு வாங்கறதுக்குச் சொத்து வேணும்ல. ஆனா அரிஸ்டாட்டில் காலத்துல, அதாவது நூறு வருஷம் கழிச்சு, சட்டம் அப்படியே இருக்கு, குலுக்கல்ல பேர் வந்தவன் பரம ஏழையா இருந்தாலும் பதவி அவனுக்குத்தான்னு ஆயிடுச்சு. எழுத்துல ஒண்ணு, நடைமுறையில ஒண்ணு, 2300 வருஷம் முன்னாடியே.

இவங்க வருஷா வருஷம் சார்ஜ் ஒப்படைக்கும்போது எழுதின லிஸ்ட் தான் அசல் புதையல். 434ல இருந்து தொடர்ந்து வருது. மூணு இடத்துக்குத் தனித்தனி லிஸ்ட்: முன்மண்டபம், பெரிய கருவறை, அப்புறம் பார்த்தெனான். ஆமா, ஆரம்பத்துல முழுக் கோயிலுக்கும் அந்தப் பேர் இல்ல, ஒரு ரூமுக்கு மட்டும்தான், பெரும்பாலான ஆளுங்க அது இந்த மேற்கு ரூம்தான்னு சொல்றாங்க. அந்த ரூமோட பேர் வளர்ந்து முழுக் கட்டடத்தையும் பிடிச்சுக்கிச்சு.

லிஸ்டோட அமைப்பு எப்படின்னா, போன வருஷப் பொருளாளர்கள்கிட்ட இருந்து நாங்க வாங்கினதுன்னு ஆரம்பிக்கும், ஓப்பனிங் பேலன்ஸ். சாமான் பேர், எண்ணிக்கை, தங்கம் வெள்ளியா இருந்தா எடை. எடை போடாததுக்கு "எடை போடலை"ன்னே எழுதி இருக்கும், மழுப்பல் இல்ல. கடைசியில இந்த வருஷம் புதுசா வந்ததுன்னு ஒரு பகுதி. அடுத்த வருஷ லிஸ்ட்ல அந்தப் புதுச் சாமான் மெயின் லிஸ்டுக்குள்ள போயிருக்கும். முதல் தடவை இதை ரெண்டு வருஷத்துக்கு வச்சு டேலி பண்ணிப் பார்த்தப்போ வந்த சந்தோஷம், சொன்னா வீட்ல சிரிக்கிறாங்க.

அந்தப் பார்த்தெனான் ரூம்ல என்னதான் இருந்துச்சு? தங்கக் கிண்ணம், கிரீடம் இருக்கு, அது எதிர்பார்த்ததுதான். ஆனா கூடவே தங்கமுலாம் பூசின பெர்சியக் குறுவாள் 6. தங்கமுலாம் பூசின கோதுமைக் கதிர் 12. தங்கமுலாம் பூசின மரக்கூடை ரெண்டு, ஊர்வலத்துல பொண்ணுங்க தலையில தூக்கிட்டுப் போறது. தந்தத்துல செஞ்ச யாழ், சாதா யாழ். கேடயம், தலைக்கவசம், மார்புக் கவசம். அப்புறம் கட்டில், கட்டிலை எண்ணி எழுதி இருக்காங்க, கீயோஸ் தீவு மாடல் 7, மிலேட்டஸ் ஊர் மாடல் 10. மடக்கு ஸ்டூல், நாற்காலி, தந்தம் பதிச்ச மேஜை. சாமி ரூமுக்கு முதுகுப்பக்கம் பதினேழு கட்டில். யார் படுக்க, எந்த விருந்துக்கு, லிஸ்ட் சொல்லாது, லிஸ்ட்டுக்கு அது வேலையும் இல்ல. இருக்கா, எத்தனை, அவ்வளவுதான். பின்னாடி வருஷங்கள்ல உடைஞ்சது, ஏதோ குறையுதுங்கிற குறிப்பெல்லாம் சேர ஆரம்பிக்குது, உடைஞ்ச சாமானைத் தூக்கிப் போடாம உடைஞ்சதுன்னு எழுதி அடுத்தவன் தலையில கட்டறது, அந்த மனசு எனக்கு ரொம்ப நல்லாப் புரியும்.

பணம் சும்மா தூங்கவும் இல்ல. ஏதெனா ஊருக்குக் கடன் கொடுத்தா. நிஜமாவே வட்டியோட. போர் காலத்துல சாமி பணத்துல இருந்து அரசு வாங்கின கடனுக்கு வட்டி கணக்குப் போட்ட கல்லு கிடைச்சிருக்கு, 5 டாலண்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு திராக்மா. 5 டாலண்ட்னா 30,000 திராக்மா, வருஷத்துக்கு 1.2 சதவீதம். பக்தி ரேட்டுன்னு வச்சுக்கலாம், ஆனா நாள் கணக்குல, எந்தத் தேதியில கொடுத்தாங்களோ அதுல இருந்து எண்ணிப் போட்டிருக்காங்க. தங்களோட சாமிகிட்டயே கடன் வாங்கி, தங்களுக்குத் தாங்களே வட்டி கணக்கு எழுதின ஜனங்களை என்னன்னு சொல்றது.

431லயே 1000 டாலண்டைத் தனியா எடுத்து வச்சுட்டாங்க. எதிரி கடற்படை ஊரையே தாக்க வந்தா ஒழிய இதைத் தொடக்கூடாது, தொடலாம்னு எவனாவது தீர்மானம் கொண்டு வந்தா மரண தண்டனை. அதுவும் 412ல உடைஞ்சுது, சிசிலியில படை மொத்தமா அழிஞ்சு, கீயோஸ் தீவு கூட்டணியில இருந்து கழண்டுக்கிட்டதும் முதல்ல தண்டனையை ரத்து பண்ணிட்டு அப்புறம் பணத்தை எடுத்தாங்க. ப்ராசஸ் முக்கியம். அதுக்கப்புறம் சரிவுதான், 406 வாக்குல தங்க வெற்றிதேவதை சிலைகளை உருக்கி நாணயம் அடிச்சாங்க, முன்மண்டபத்துச் சாமான் பெரும்பாலும் போச்சு, அந்த வருஷ லிஸ்ட்கள் அப்படியே சுருங்கறது கல்லுல கண்ணுக்குத் தெரியும். ஒரு ஊர் தோக்கறதைச் சரித்திர ஆசிரியர் சொல்லிக் கேக்கறது ஒண்ணு, ஸ்டாக் ரிஜிஸ்டர்ல பார்க்கிறது வேற.

388ல அரிஸ்டோஃபனீஸ் போட்ட நாடகத்தோட முடிவுல செல்வத்துக்கான தெய்வத்தை ஊர்வலமா கூட்டிட்டுப் போய், பழையபடி ஏதெனாவோட பின்னறையில காவலுக்கு உக்கார வைக்கலாம்னு கிளம்பறாங்க. தியேட்டர்ல இருந்தவங்களுக்கு அது காலி ரூம்னு தெரியும், அதான் ஜோக்.

திருட்டு இல்லாம இருக்குமா. பெர்சியாக்காரங்ககிட்ட இருந்து பிடிச்ச வெள்ளிக்கால் ஆசனமும், மார்டோனியஸ் தளபதியோட வாளும் அக்ரோபோலிஸ்ல வெற்றிச் சின்னமா இருந்துச்சு, அதை கிளாவ்கெட்டீஸ்னு ஒரு பெரிய மனுஷன், அங்க பொருளாளரா இருந்தவரே, அடிச்சுட்டார்னு டெமாஸ்தனீஸ் ஒரு கேஸுக்காக எழுதிக் கொடுத்த கோர்ட் பேச்சுல வருது, வாள் மட்டும் 300 பெர்சியத் தங்கக்காசு எடையாம். அதே பேச்சுல இன்னொண்ணும் வருது, பின்னறை எரிஞ்சப்போ ரெண்டு குழு பொருளாளர்களையும் விசாரணை முடியற வரைக்கும் ஜெயில்ல வச்சாங்கன்னு. ஏன் எரிஞ்சுது? அந்த வரிக்குப் பிற்காலத்துல உரை எழுதினவர் சொல்ற கதை, பொருளாளருங்க சாமி பணத்தை யாருக்கும் சொல்லாம வட்டிக்கடைக்காரங்ககிட்ட கொடுத்து லாபம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க, கடைங்க திவால் ஆச்சு, கணக்கு காட்டற நாள் நெருங்கிச்சு, ரூம் தீப்பிடிச்சுக்கிச்சு. எந்த ஊர் ஆபீஸா இருந்தாலும் ஆடிட் வர்றதுக்கு முந்தின வாரம் ரெக்கார்டு ரூம்ல மின்கசிவு ஆகும், அங்க மின்சாரம் இல்லாததால கொஞ்சம் கஷ்டப்பட்டிருப்பாங்க.

அந்த பதினேழு கட்டில் ஞாபகம் வர்ற மாதிரி ஒரு சம்பவம் பின்னாடி நடந்துச்சு. கட்டில் அப்போ இருந்துச்சா இல்லையா, அது தனிக் கேள்வி. அலெக்சாண்டர் செத்த பிறகு தளபதிங்க அடிச்சுக்கிட்டாங்கல்ல, அதுல ஒருத்தரோட மகன் டெமெட்ரியோஸ், ஊர்களை முற்றுகை போடறதுல கில்லாடி. 307ல வந்து ஏதென்ஸை விடுதலை பண்ணினார், ஊர்க்காரங்க அவரையும் அப்பாவையும் காப்பாத்தின தெய்வம்னு பட்டம் கொடுத்து ஆட ஆரம்பிச்சுட்டாங்க. 304ல திரும்பி வந்தப்போ தங்கறதுக்கு எங்க இடம் கொடுத்தாங்க தெரியுமா, பார்த்தெனான் பின்னறை. ஏதெனாவே விருந்தாளியா ஏத்துக்கிட்டாங்கிற விளக்கத்தோட. அவரும் ஏதெனாவை அக்கான்னு சொல்லிக்கிட்டாராம். கன்னித்தெய்வத்தோட வீட்டுல கிரிசிஸ், லாமியா, டெமோ, ஆன்டிகிரான்னு தாசிகளோட கும்மாளம், விருந்தாளி ரொம்ப அடக்கமானவர்னு சொல்ல முடியாதுன்னு புளூட்டார்க் முகத்தைச் சுளிச்சுக்கிட்டு எழுதறாரு. ஃபிலிப்பிடீஸ்னு ஒரு காமெடிக் கவிஞர், அக்ரோபோலிஸை லாட்ஜ் ஆக்கினவன்னு கிழிச்சுட்டார். ஒரு தடவை ஊர்க்காரங்களை உடனடியா 250 டாலண்ட் திரட்டச் சொல்லி, திரட்டினதும் அதை லாமியாவுக்கும் மத்த பொண்ணுங்களுக்கும் சோப்பு வாங்கக் கொடுத்துட்டாராம். பணம் போனதை விட இந்த வார்த்தைதான் ஊருக்கு வலிச்சுதுன்னு புளூட்டார்க் சொல்றாரு, நம்பலாம்.

அப்புறம் பத்து வருஷத்துக்குள்ள லாக்கரீஸ்னு ஒரு சர்வாதிகாரி சிலையோட தங்கத்தையே கழட்டி சிப்பாய்களுக்குச் சம்பளம் போட்டுட்டார். கழட்டற மாதிரி செஞ்சதோட மறுபக்கம் அது. அந்தக் காலகட்டத்தோட லிஸ்ட்களும் நின்னு போகுது.

ஏதென்ஸை விட்டு வெளிய வந்தா பின்னறைக்கு வேற வேலைகளும் இருந்திருக்கு. ஏஜினா தீவுல அஃபையா கோயில்ல, கருவறைப் பின்சுவர்ல நடுவுல இல்லாம ஒரு ஓரமா கதவு வெட்டி இருக்காங்க, பின்னறையில கல் மேஜை கிடந்துச்சு, ஏதோ பூசைக்குப் பயன்பட்டிருக்கு. ஒலிம்பியாவுல ஜீயஸ் கோயில்ல ஹெராக்ளீஸோட பன்னெண்டு சாகசச் சிற்பத்தை முன்மண்டபத்து மேல 6, பின்னறை மேல 6னு சரிபாதியா பிரிச்சாங்க, சிங்கம் பின்னாடிப் பங்குல வந்துச்சு. அந்தப் பின்னறையில நின்னுதான் ஹெரோடோட்டஸ் தான் எழுதின சரித்திரப் புத்தகத்தைக் கூட்டத்துக்குப் படிச்சுக் காட்டி ஒரே நாள்ல ஃபேமஸ் ஆனார்னு லூசியன் எழுதறாரு. லூசியன் வந்தது 600 வருஷம் கழிச்சு, அவர் ஒரு நக்கல் பேர்வழி வேற, அதனால சம்பவத்துக்கு நான் கேரண்டி தர மாட்டேன். ஆனா இடத்தை யோசிச்சா பொருத்தமாத்தான் இருக்கு, படிக்கட்டுக்கு மேல உயரமா, மூணு பக்கம் சுவர், மேல கூரை, முன்னாடி திறந்த வெளி, குரல் வெளிய போகும், வெயில் உள்ள வராது. லூசியன் காலத்துல அங்க யாராவது ஒருத்தர் நின்னு பேசறது வழக்கமா இருந்திருக்கணும், இல்லன்னா கதைக்கு அந்த இடம் தோணியிருக்காது.

பக்கத்துலயே ஹேரா கோயில். கி.மு. 600 வாக்குல முதல்ல மரத்தூண்ல கட்டினது, ஒவ்வொண்ணா மக்க மக்க கல் தூணா மாத்தி இருக்காங்க, அதனால ஒரு தூண் மாதிரி இன்னொரு தூண் இல்ல. கி.பி. 2ம் நூற்றாண்டுல பயணக்குறிப்பு எழுதின பவுசானியஸ் போய்ப் பார்த்தப்போ பின்னறையோட ரெண்டு தூண்ல ஒண்ணு இன்னும் ஓக் மரம். முன்பக்கத்தை எல்லாம் மாத்தி முடிச்சுட்டு பின்னாடி ஒண்ணை விட்டு வச்சிருக்காங்க. 700 வருஷப் பழைய மரம் நின்னுச்சுன்னா அதுக்குக் காரணம் பக்தியா இல்ல பட்ஜெட்டான்னு அவர் கேக்கல.

பார்த்தெனானுக்குத் திரும்பினா, கிறிஸ்தவர்கள் அதைச் சர்ச் ஆக்கினப்போ திசையே தலைகீழா ஆச்சு. பலிபீடம் கிழக்குல வரணும், அதனால பழைய வாசல் பக்கத்தை அடைச்சாங்க, பின்னறை வழியா நுழையற மாதிரி மாத்தினாங்க, ஆயிரம் வருஷமா முழுசா இருந்த நடுச்சுவர்ல அப்போதான் கதவு வெட்டினாங்க. மேற்குத் தூண்கள்ல அவங்க கீறின எழுத்துகள் இருநூறுக்கு மேல கிடைச்சிருக்கு, பிஷப் இந்தத் தேதியில செத்தார், ஆண்டவரே உன் அடியானுக்கு உதவு, இந்த மாதிரி. பின்னறையோட தென்மேற்கு மூலையில ஒரு கோபுரம் கட்டினாங்க, துருக்கியர் வந்து மசூதி ஆனதும் அதுவே மினாராவா ஆச்சு, அதோட மேல்பகுதி இப்போ இல்ல, உள்ள சுத்திப் போற படிக்கட்டு இன்னும் இருக்கு.

1687 செப்டம்பர்ல வெனிஸ்காரங்க குண்டு போட்டு உள்ள இருந்த வெடிமருந்து வெடிச்சப்போ கோயிலோட நடுப்பகுதி பறந்து போச்சு. தாக்குப் பிடிச்சது மேற்குப் பக்கம். எல்ஜின் பிரபு சிற்பங்களைப் பேர்த்தெடுத்துட்டுப் போனப்போவும் மேற்கு ஊர்வலத்துல ரெண்டு பலகைதான் அவர் கையில சிக்குச்சு, மிச்சம் 1993 வரைக்கும் வெயில்லயும் ஏதென்ஸ் புகையிலயும் அங்கேயே இருந்துட்டு இறக்கி மியூசியத்துக்குப் போச்சு. செருப்பு கட்டறவன் முகம் தேஞ்சிருக்கறது அதனாலதான்.

இவ்வளவும் சொல்லிட்டு ஒரு விஷயத்தைத் தள்ளி வச்சுட்டேன். தீர்மானத்துல வர்ற "பின்னறை" பார்த்தெனானோட பின்னறைதானான்னு அறிஞர்களுக்குள்ள நூறு வருஷத்துக்கு மேல அடிதடி. 1880கள்ல டோர்ப்ஃபெல்ட்னு ஒரு ஜெர்மன் ஆய்வாளர் பார்த்தெனானுக்கும் பக்கத்துல இருக்கிற எரெக்தியோன் கோயிலுக்கும் நடுவுல பழைய ஏதெனா கோயிலோட அஸ்திவாரத்தைக் கண்டுபிடிச்சார். பெர்சியாக்காரங்க 480ல எரிச்சது அது. அதோட மேற்குப் பாதி மட்டும் ரிப்பேர் ஆகி நின்னுச்சு, கஜானா அதுதான்னு அவர் கட்சி. 2020ல ஒரு டச்சு ஆய்வாளர் வந்து, லிஸ்ட்ல பார்த்தெனான்னு வர்ற ரூமே இந்தக் கோயில்ல இல்ல, பொண்ணு சிலைத் தூண்கள் இருக்கிற எரெக்தியோன்ல இருந்துச்சுன்னு கிளப்பி விட்டிருக்கார், அப்படின்னா இத்தனை நாள் நாம தப்பான கோயிலுக்கு அந்தப் பேரைச் சொல்லிக்கிட்டு இருக்கோம்.

என் ஓட்டு, வெறும் ஆடிட் மூளையில இருந்து வர்றது, சாமானுக்கு ஒரு கட்டடம், ரொக்கத்துக்கு வேற கட்டடம். ஒரே லிஸ்ட்ல கட்டிலும் யாழும் இருக்கிற ரூமோட பேர் பார்த்தெனான், வெள்ளியை வலது இடதுன்னு பிரிச்சு சீல் வச்ச ரூமோட பேர் பின்னறை, ரெண்டுக்கும் அதே காலத்து ஆபீசர்ங்க தனித்தனிப் பேர் வச்சு எழுதறாங்கன்னா அது ரெண்டு ரூம். சாமான் லிஸ்ட் எழுதினவன் இடத்தோட பேரை அலட்சியமா எழுத மாட்டான், அடுத்த வருஷம் வர்றவன் அந்த இடத்துக்குப் போய் எண்ணணும். அதனால கஜானா விஷயத்துல நான் டோர்ப்ஃபெல்ட் கட்சி. டெமெட்ரியோஸ் தங்கினது மட்டும் பார்த்தெனான்லதான், புளூட்டார்க் பேரோட சொல்றாரு.

ஏதென்ஸ் போறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். இந்தக் கல் லிஸ்ட்கள்ல நிறைய கல்வெட்டு மியூசியத்துல இருக்கு, தேசிய தொல்பொருள் மியூசியம் இருக்கிற அதே கட்டடத்துல தெற்குப் பக்கம், தனி வாசல். கிரேக்கம் தெரியாட்டியும் எண்களை மட்டும் கத்துக்கிட்டுப் போங்க, ஒண்ணுக்கு ஒரு கோடு, பத்துக்கு ஒரு முக்கோணம், நூறுக்கு ரெண்டு கால் நடுவுல ஒரு பட்டை. அரை மணி நேரத்துல எந்த வரி எண்ணினது, எந்த வரி எடை போட்டதுன்னு நீங்களே பிரிச்சுடுவீங்க.